நீஸுக்கு லேட்டா போய் இறங்கினா 600 யூரோ: யாருக்கு உண்டு, யாருக்கு இல்ல

சென்னைலேந்து தெற்கு ஃப்ரான்ஸ்ல இருக்கற நீஸுக்கோ மார்சேய்க்கோ நேரா ஃப்ளைட் கிடையாது, எப்படி சுத்தினாலும் நடுவுல ஒரு ஊர்ல மாறித்தான் ஆகணும். மாறற எடத்துலதான் எல்லா கூத்தும். நாங்க போனப்ப சென்னைலயே வண்டி ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டா கெளம்பி, நடுவுல பிடிக்க வேண்டிய நீஸ் ஃப்ளைட் கண்ணு முன்னாடியே போயிடுச்சு, அடுத்ததுல ஏத்திவிட்டாங்க, கையில ஒரு சாப்பாட்டு கூப்பனை குடுத்து சாரி சொல்லி அனுப்பிட்டாங்க. அதோட முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன். முடியல, அதுக்கு மேல சட்டப்படி காசு வரணும், ஆனா நாம கேட்டாத்தான் வரும்.

ஐரோப்பிய யூனியன்ல 261/2004னு ஒரு ரூல் இருக்கு, 2005 பிப்ரவரிலேந்து நடைமுறைல இருக்கு. கடைசியா போய்ச் சேர வேண்டிய ஊருக்கு 3 மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா போனா தலைக்கு இவ்வளவுன்னு இழப்பீடு. ரூட் 1500 கிலோமீட்டருக்குள்ள இருந்தா 250 யூரோ, அதுக்கு மேல 400, நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கும் வெளி நாட்டுக்கும் நடுவுல 3500ஐ தாண்டற தூரத்துக்கு 600. இதுல ஒரு சின்ன வெட்டு உண்டு, இந்த 600 ரூட்ல 3லேந்து 4 மணி நேரத்துக்குள்ள போய்ச் சேந்துட்டா பாதியாக்கிடலாம். எங்களுக்கு 3 மணி 40 நிமிஷம், அதனால ஆளுக்கு 300. அந்த நேரத்தை எதுலேந்து கணக்கு பண்றாங்கன்னா சக்கரம் தரைய தொட்டதுலேந்து இல்ல, விமானத்தோட கதவு தொறந்து ஆள் இறங்கலாம்னு ஆகற நிமிஷம், ஐரோப்பிய கோர்ட் 2014லயே சொல்லிடுச்சு. அதனால கதவு தொறக்கறப்ப போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, 2 மணி 50ஆ 3 மணி 5ஆங்கற சண்டைல அந்த ஃபோட்டோதான் காசு.

இப்ப முக்கியமான குழப்பத்துக்கு வருவோம். ஐரோப்பாலேந்து கெளம்பினா எந்த நாட்டு கம்பெனியா இருந்தாலும் இந்த ரூல் செல்லும். வெளிலேந்து ஐரோப்பாவுக்கு வர்றப்ப ஐரோப்பிய கம்பெனி ஓட்டற ஃப்ளைட்டா இருந்தாத்தான் செல்லும். இத சென்னை-துபாய்-நீஸ்னு எமிரேட்ஸ்ல போறவங்களுக்கு வச்சுப் பாருங்க. போறப்ப ஆறு மணி நேரம் லேட்டானாலும் இந்த ரூல்ல ஒண்ணும் கிடையாது, அதே டிக்கெட்டுல நீஸ்-துபாய்-சென்னைன்னு திரும்பறப்ப துபாய்ல கனெக்‌ஷன் போச்சுன்னா உண்டு. போக வர ஒரே டிக்கெட்தானேன்னு வாதாட முடியாது, போறது ஒரு பயணம் வர்றது வேற பயணம்னு கோர்ட் 2008லயே பிரிச்சிடுச்சு. இன்னொண்ணு, டிக்கெட்டுல யார் பேர் போட்டிருக்குன்னு பாக்காதீங்க, உண்மைல யார் ஓட்டறாங்கன்னு பாருங்க. சின்ன எழுத்துல கீழ போட்டிருப்பாங்க.

ரெண்டாவது குழி, பிஎன்ஆர், அதாவது புக்கிங் நம்பர். சென்னை-பாரிஸ்-நீஸ் எல்லாம் ஒரே புக்கிங்ல இருந்தா மொத்தமும் ஒரே பயணம், முதல் ஃப்ளைட் 40 நிமிஷம் லேட்டாகி அடுத்ததை விட்டு கடைசில 5 மணி நேரம் லேட்டா போய்ச் சேந்தாலும் கடைசி லேட்தான் கணக்கு, புது ஃப்ளைட்ல ஏத்தறதும் அவங்க வேலை. ஆனா 30 யூரோ மிச்சம்னு பாரிஸ்-நீஸ தனியா ஒரு பட்ஜெட் கம்பெனில போட்டீங்கன்னா அது உங்க பாடு, முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க வராத ஆள், அவ்வளவுதான். அதுலயும் பாரிஸ்ல ரெண்டு பெரிய ஏர்போர்ட், நீங்க இறங்கறது ஷார்ல் த கோல், தெற்கு ஃப்ரான்ஸ் ஃப்ளைட் ஓர்லிலேந்து கெளம்பினா ஊரைத் தாண்டி பெட்டிய இழுத்துக்கிட்டு போகணும். நான் அந்த மாதிரி போடவே மாட்டேன்.

காசு எப்ப தர வேண்டாம்னா, கம்பெனியோட கைல இல்லாத அசாதாரண காரணம்னா. புயல், ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல் ஸ்ட்ரைக் இதெல்லாம் அதுல வரும், ஃப்ரான்ஸ்ல அந்த ஸ்ட்ரைக்குக்கு பஞ்சமே இல்ல. ஆனா வழக்கமான டெக்னிக்கல் கோளாறு அதுல வராது, அவங்க சொந்த ஆளுங்க சம்பளத்துக்கு பண்ற ஸ்ட்ரைக்கும் வராது, கவுண்டர்ல என்ன சொன்னாலும் சரி. ஸ்ட்ரைக்கோ புயலோ எதுவா இருந்தாலும் சாப்பாடு, ராத்திரி தங்க வேண்டி வந்தா ஹோட்டல், அங்க போக வண்டி, இதுலேந்து அவங்க தப்பிக்கவே முடியாது. அவங்க தரலைன்னா நியாயமான செலவ நீங்க பண்ணிட்டு பில்ல பத்திரமா வச்சு கேக்கலாம். பணத்துக்கு பதிலா வவுச்சர் நீட்டுவாங்க, நீங்க கையெழுத்து போட்டு சம்மதிச்சாத்தான் அது செல்லும், எங்களுக்கும் மொதல்ல வவுச்சர்தான் வந்துது, வேண்டாம்னு ஒரு வரி எழுதினதும் அக்கவுண்ட் நம்பர் கேட்டாங்க.

கேக்கறது கம்பெனி வெப்சைட்ல இருக்கற ஃபார்ம்லயே நேரா கேளுங்க, இடைத்தரகர் கம்பெனிங்க நல்ல பங்கு எடுத்துக்குவாங்க. போர்டிங் பாஸ தூக்கிப் போடாதீங்க. ஃப்ரான்ஸ்ல இதுக்கு 5 வருஷம் டைம், ஜெர்மனில 3 வருஷக் கணக்கு.

வளைகுடா கம்பெனில போறவங்க மனசு விட வேண்டாம், 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கு, இந்தியாவும் அதுல சேந்த நாடு. அது 600 யூரோ மாதிரி மொத்தமா தராது, லேட்டால உங்களுக்கு உண்மையா ஆன நஷ்டத்தை பில்லோட காட்டினா கேக்கலாம், தவிர்க்க எல்லாம் செஞ்சோம்னு கம்பெனி நிரூபிச்சா அதுவும் போச்சு. 2 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். பெட்டி லேட்டா வந்தாலும் இதுதான், கைக்கு வந்த நாள்லேந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார், உடைஞ்சு வந்தா 7 நாள்.

பயணத்தோட கடைசிப் பகுதி ட்ரெயினா இருந்தா, ஷார்ல் த கோல் ரெண்டாவது டெர்மினல் அடிலயே டிஜிவிங்கற ஃப்ரான்ஸ் அதிவேக ட்ரெயினோட ஸ்டேஷன் இருக்கு, அங்கேந்தே அவின்யோன், மார்சேய் பக்கம் போயிடலாம். ட்ரெயினுக்கு வேற ரூல், 1 மணி நேர லேட்டுக்கு டிக்கெட் காசுல 25 சதவீதம், 2 மணி நேரத்துக்கு 50. ஆனா ஃப்ளைட் லேட்டாகி ட்ரெயின விட்டா ட்ரெயின்காரன் பொறுப்பில்ல. அதனால தனியா எடுத்தா மாத்திக்கற மாதிரி டிக்கெட்டா எடுங்க, இல்ல ஃப்ளைட்டோட சேத்து விக்கற ட்ரெயின் + ஏர்னு (முன்னாடி டிஜிவி ஏர்) ஒண்ணு இருக்கு, அதுல ட்ரெயினும் அதே புக்கிங்ல வந்துடும்.