சதுரக் கட்டர் பிளாக் உள்ள பிளேனர் வேண்டவே வேண்டாம்

மரப் பட்டறைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போனால், மரம் இழைக்கும் இயந்திரமான பிளேனரில் நான் முதலில் பார்ப்பது, கத்திகளைத் தாங்கிச் சுழலும் கட்டர் பிளாக்கின் வடிவத்தைத்தான். அதற்குக் காரணம் இந்த இயந்திரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம் 1791-இல் காப்புரிமை வாங்கியது, பெரிய இழைப்புளியை விசையால் முன்னும் பின்னும் ஓட்டும் இயந்திரத்துக்கு. 1793-இல் அவர் பெற்ற அடுத்த காப்புரிமையில் சுழலும் கத்திகள் வந்துவிட்டன. பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் இன்றைய திக்னஸ் பிளேனருக்கு நேர் முன்னோடி என்றால், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் வுட்வொர்த் 1828 டிசம்பரில் காப்புரிமை பெற்ற இயந்திரம்தான். சுழலும் கத்தி உருளை, பலகையை அழுத்திப் பிடிக்கும் ரோலர்கள், பலகைகள் ஒன்றோடொன்று பொருந்த அவற்றின் ஓரத்தில் நாக்கும் காடியும் வெட்டும் கத்திகள் என எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. 14 ஆண்டு உரிமை இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு, 1856 வரை அமெரிக்க மில்காரர்களை உரிமைத்தொகை கட்ட வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

எனக்கு வுட்வொர்த்தின் இயந்திரத்தில் முக்கியம் ரோலர்கள். பலகையை ரோலர் இழுத்துக்கொண்டால் கைக்குக் கத்தி அருகே வேலையே இல்லை.

பலகையின் ஒரு முகத்தை மட்டப்படுத்தும் சர்ஃபேஸ் பிளேனரில் அப்படி இல்லை. அங்கே தள்ளுவது கைதான். பழைய இயந்திரங்களில் சதுர பிளாக்கின் முகங்களில் பிளேடை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சதுரத்தின் தட்டையான முகம் மேலே வரும்போது, மேசை விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி திறக்கும். மரத்தின் கணுவில் பிளேடு மாட்டிப் பலகை பின்னால் எகிறினால், கை அந்தப் பள்ளத்தில்தான் விழும். விரல்களே போய்விடும். உருண்டை பிளாக்கில் பிளேடின் முனை மட்டுமே வெளியே நீட்டியிருக்கும். காயம் படலாம், ஆனால் கை உள்ளே இழுபடும் பள்ளம் இல்லை.

பிரிட்டன் 1922 விதிகளிலேயே கையால் தள்ளும் பிளேனருக்கு உருண்டை பிளாக்கைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளும் அதையே கேட்கின்றன. கத்தித் திறப்பை முழுதாக மூடும் பிரிட்ஜ் கார்டு (guard) என்ற தடுப்பையும் சேர்த்து. இருந்தும் பட்டறைகளில் அந்தக் கார்டு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்து கிடப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். "வேலைக்கு இடைஞ்சல் சார்" என்பார்கள். பலகையின் கனத்துக்குக் கார்டை இறக்கி வைத்தால் இடைஞ்சல் எதுவும் இல்லை.

பழைய பிளேனர் விலைக்கு வந்தால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு பிளாக்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சதுரம் என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். உருண்டையே ஆனாலும், ஒரு அடிக்குக் குறைந்த துண்டுகளை அதில் வைக்காதீர்கள். அவற்றுக்கு இழைப்புளி போதும்.