வேலை செய்யாத கைனேஸுக்கு எதுக்கு மாத்திரை?

கைனேஸ் மருந்துகள் பத்தி முன்னாடி எழுதினதைப் படிச்சிட்டு ஒரு வாசகர் மெயில் போட்டிருந்தார். அவருக்கு சோரியாசிஸ். புதுசா வந்த ஒரு மாத்திரையைப் பத்தி டாக்டர் பேசறப்ப, "இது கைனேஸோட வேலை செய்யாத பாகத்துல போய் ஒட்டுற மருந்து"ன்னு சொன்னாராம். "வேலையே செய்யலன்னா அதுக்கு எதுக்கு சார் மருந்து?"ன்னு கேட்டிருக்கார். மனுஷன் சரியான இடத்துல கை வச்சிருக்கார், இதே கேள்வியைத்தான் உயிர்வேதியியல் ஆளுங்க ரொம்ப வருஷமா கேட்காமலே விட்டாங்க.

அடிப்படையை வேகமா தாண்டிடுவோம். கைனேஸ்னா ஏடிபிங்கிற, செல்லுக்கு எரிசக்தி குடுக்கிற மாலிக்யூலோட கடைசி பாஸ்பேட்டைக் கழட்டி இன்னொரு புரோட்டீன் மேல ஒட்டற என்சைம். பாஸ்பேட் ஒட்டினா அந்தப் புரோட்டீனோட குணம் மாறும், செல்லுக்குள்ள சிக்னல் போறது பெரும்பாலும் இப்படித்தான். இந்த வேலைக்கு மூணு அமினோ அமிலம் முக்கியம்: ஏடிபியைப் பிடிச்சு வைக்க ஒரு லைசின், மெக்னீசியத்தைப் பிடிக்க ஒரு அஸ்பார்டேட், பாஸ்பேட் இடம் மாறுற அந்த நொடிக்கு இன்னொரு அஸ்பார்டேட். மனித ஜீனோம் கைக்கு வந்ததும் 2002-ல மொத்த கைனேஸையும் எண்ணி ஒரு பட்டியல் போட்டாங்க, 518 வந்துச்சு. அதுல கிட்டத்தட்ட 50 புரோட்டீன்ல இந்த மூணுல ஒண்ணாவது காணோம். உருவம் அச்சு அசலா கைனேஸ்தான், ஆனா பாஸ்பேட் ஒட்ட வேண்டிய கை இல்லை. இதுங்களுக்குத்தான் சூடோகைனேஸ்னு பேர் வச்சாங்க, பேர் வச்சதோட பல பேர் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கல.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச கதை ஜாக் குடும்பம்தான், அதனால அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்.

ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டிக்2-ன்னு நாலு கைனேஸ். செல்லோட மேல்தோல்ல இருக்கிற ரிசப்டருக்கு உள்பக்கமா இவங்க ஒட்டிக்கிட்டு இருப்பாங்க, வெளியில சைட்டோகைன் (செல்லுக்கு செல் சேதி சொல்ற புரோட்டீன்) வந்து உக்காந்தா உள்ள ரெண்டு ஜாக் பக்கத்துல பக்கத்துல வந்து ஒண்ணு மேல ஒண்ணு பாஸ்பேட் ஒட்டி சிக்னலைக் கிளப்பும். வேடிக்கை என்னன்னா ஒவ்வொரு ஜாக்லயும் கைனேஸ் மாதிரி பாகம் ரெண்டு இருக்கு, அடுத்தடுத்து. கடைசியில இருக்கிற ஜேஹெச்1 நிஜ கைனேஸ். அதுக்கு முன்னாடி இருக்கிற ஜேஹெச்2 சூடோகைனேஸ், அஸ்பார்டேட் இருக்க வேண்டிய ஒரு முக்கியமான இடத்துல ஆஸ்பரஜின்ங்கிற வேற அமினோ அமிலம் உக்காந்திருக்கு. சரி, பரிணாமத்துல ஒரு காப்பி விழுந்து கெட்டுப்போயிருக்கும்னு விட்டுடலாம். ஆனா கெட்டுப்போன பாகம்னா நாலு ஜாக்லயும் இத்தனை கோடி வருஷமா ஏன் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு?

2000-ல பின்லாந்துல ஒரு லேப் ரொம்ப எளிமையா ஒரு வேலை பண்ணாங்க. ஜாக்2-ல அந்த ஜேஹெச்2-வை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைப் பாத்தாங்க. கைனேஸ் வேலை குறையும்னுதானே தோணும்? எகிறிடுச்சு. அதாவது ஜேஹெச்2 அதுவரைக்கும் ஜேஹெச்1-க்கு பிரேக் போட்டுக்கிட்டு இருந்திருக்கு. 2014-ல டிக்2-வோட ரெண்டு பாகமும் சேர்ந்த கிறிஸ்டல் அமைப்பு வந்தப்ப இது கண்ணுக்கே தெரிஞ்சுது, ஜேஹெச்2 போய் ஜேஹெச்1-ஓட முதுகுப் பக்கம் சாய்ஞ்சு அதை நகர விடாம பிடிச்சிருக்கு. நோயாளிகள்கிட்ட கண்டுபிடிச்ச மியூட்டேஷன்கள் நெறைய இந்த ரெண்டும் தொடுற எல்லையிலயும் அதைச் சுத்தியுமே வந்து விழுது. அதைப் பாத்தப்பதான் எனக்கு இந்த விஷயமே மண்டைல ஏறுச்சு.

அந்த மியூட்டேஷன்கள்ல சூப்பர்ஸ்டார் ஜாக்2 வி617எஃப். 2005-ல நாலு குழு தனித்தனியா, சில மாச இடைவெளியில இதைக் கண்டுபிடிச்சாங்க. டிஎன்ஏவுல ஒரே ஒரு எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்துல டி. அதனால 617-ஆவது இடத்துல வேலின்ங்கிற சின்ன அமினோ அமிலத்துக்குப் பதிலா பென்சீன் வளையத்தோட ஃபினைல் அலனின் வருது. இது இருக்கிறது நிஜ கைனேஸ்ல கிடையாது, அந்த ஜேஹெச்2-ல! புது வளையம் பக்கத்துல 595-ல இருக்கிற இன்னொரு ஃபினைல் அலனினோட உரசிக்கிட்டு உக்காந்துக்குது, ஜேஹெச்2-வோட ஒரு ஹெலிக்ஸ் (சுருள் பாகம்) விறைச்சுக்குது, பிரேக் தளருது, ரெண்டு ஜாக்2-வோட ஜேஹெச்2-களும் ஒண்ணோட ஒண்ணு சுலபமா சேந்துக்குது. வெளியில சிவப்பணு உண்டாக்கச் சொல்ற எரித்ரோபொய்ட்டின் ஹார்மோன் வரவே வேணாம், வந்த மாதிரியே உள்ள சிக்னல் ஓடும். எலும்பு மஜ்ஜை சிவப்பணுவா உற்பத்தி பண்ணித் தள்ளும்.

இந்த நோய்தான் பாலிசைதீமியா வேரா. இருக்கிறவங்கள்ல சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்த ஒரு மியூட்டேஷன் இருக்கு. ரத்தம் கெட்டியாகி பக்கவாதம், ஈரல் ரத்தக்குழாய் அடைப்புன்னு போகும், சிலருக்கு குளிச்சிட்டு வந்தாலே உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். இன்னைக்கும் முதல் வைத்தியம் ரத்தத்தை அப்பப்ப வெளியில எடுக்கிறதுதான்.

மருந்து இல்லாம இல்ல. ருக்ஸோலிட்டினிப் 2011-ல, இதே குடும்பத்துல எலும்பு மஜ்ஜை தழும்பேறிப் போற மைலோஃபைப்ரோசிஸுக்கு அனுமதி வாங்கி வந்துச்சு. ஆனா அது ஒட்டறது ஜேஹெச்1-ல, ஏடிபி உக்கார்ற குழியில. மியூட்டேஷன் இருக்கிற செல்லையும் அடக்கும், இல்லாத நல்ல செல்லையும் அடக்கும், அதனாலதான் ரத்தசோகை அடிக்கடி வருது. ஏடிபி குழியை அடைக்கிற எல்லா மருந்துக்கும் இந்தத் தலைவலி உண்டு, ஏன்னா எல்லா நிஜ கைனேஸும் அதே ஏடிபியை அதே மாதிரி பிடிச்சாகணும், அதனால குழிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணை அடிக்கப் போனா பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேத்து அடி விழும். சூடோகைனேஸ்க்கு அந்தக் கட்டாயம் இல்ல பாருங்க, பாஸ்பேட் ஒட்டற பொறுப்பு இல்லாததால அதோட குழி கொஞ்சம் கோணலா மாறியிருந்தாலும் யாரும் கேட்கப்போறதில்ல. மருந்து பண்றவனுக்கு அந்தக் கோணல்தான் வேணும்.

வாசகர் கேட்ட மாத்திரை இங்கதான் வருது. பேரு டியூக்ராவாசிட்டினிப், 2022 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சோரியாசிஸுக்கு அனுமதி குடுத்துச்சு. இதைத் தேடினவங்க சூடோகைனேஸைத் தேடிப் போகல. சோரியாசிஸைத் தூண்டற ஐஎல்-23ங்கிற சைட்டோகைனோட சிக்னலை செல்லுக்குள்ள நிறுத்தற மாலிக்யூல் எதுன்னு சலிச்சாங்க, சிலது நல்லா நிறுத்துச்சு, ஆனா டெஸ்ட் ட்யூப்ல எந்த கைனேஸையும் தடுக்கல. அப்புறம் தோண்டிப் பாத்தா டிக்2-வோட ஜேஹெச்2 குழியில போய் உக்காந்திருக்கு. உக்காந்து என்ன பண்ணுது? ஜேஹெச்2 ஜேஹெச்1-ஐப் பிடிச்சிருக்கிற அந்த நிலையை அப்படியே இறுக்கிடுது. சைட்டோகைன் வந்தாலும் பிரேக் விடாது. அதாவது அந்தப் பாகத்தோட வேலையை இந்த மருந்து நிறுத்தல, அதிகமாக்குது.

இதுல ஒரு கெமிஸ்ட்ரி விஷயம் இருக்கு, சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. டிக்2-வோட ஜேஹெச்2 குழிக்குள்ள ஒரு சின்ன பள்ளம் இருக்கு, அங்க அலனின்ங்கிற குட்டி அமினோ அமிலம் இருக்கிறதாலதான் அந்தப் பள்ளமே. மத்த பெரும்பாலான கைனேஸ்ல அந்த இடத்துல பெரிய அமினோ அமிலம் அடைச்சுக்கிட்டு நிக்கும். மருந்தோட ஒரு முனையில இருக்கிற மீதைல் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன்) கரெக்டா அந்தப் பள்ளத்துல இறங்குது, அதனாலதான் மத்த பெரும்பாலான கைனேஸ் பக்கம் அவ்வளவா போறதில்ல. பிரச்சனை என்னன்னா நம்ம உடம்பு அந்த மீதைலைக் கழட்டிடும், கழட்டினா மிஞ்சற மாலிக்யூல் அவ்வளவு துல்லியமா இல்ல. அதுக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னா, மீதைல்ல இருக்கிற மூணு ஹைட்ரஜனையும் தூக்கிட்டு டியூட்டீரியம் வச்சாங்க. ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவுதான், ஆனா கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பை உடைக்கிறது கஷ்டம், மருந்து தாக்குப்பிடிக்குது. பிளஸ் டூல ஐசோடோப் படிச்சு பரிட்சை எழுதிட்டு மறந்துட்டோமே, அதே டியூட்டீரியம்தான்!

ரிசல்ட்டும் மோசமில்ல. பெரிய சோதனை ஒண்ணுல 16 வாரத்துல தோல் பாதிப்பு 75 சதவீதமாவது குறைஞ்சவங்க இந்த மாத்திரையில சுமார் 58 சதவீதம், பழைய மாத்திரை அப்ரெமிலாஸ்ட்ல 35, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையில 13. ஜேஹெச்1-ஐ அடிக்கிற பழைய ஜாக் மருந்துகளுக்கு 2021-ல எஃப்டிஏ போட்ட இதய நோய், ரத்தக்கட்டு எச்சரிக்கைப் பெட்டி இதோட லேபிள்ல இல்ல. அதுக்காக பயமே இல்லன்னு அர்த்தம் கிடையாது, டிக்2 நம்மளைக் காக்கவும்தானே இருக்கு, பிறவியிலயே ரெண்டு காப்பியிலயும் ஒரு குறிப்பிட்ட டிக்2 மாற்றம் இருக்கிறவங்களுக்கு காசநோய் வர வாய்ப்பு கூடுதல்னு 2018-லயே காட்டியிருக்காங்க. மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் டிபி டெஸ்ட் எடுக்கச் சொன்னா மல்லுக்கட்டாம எடுத்துடுங்க.

ரெண்டு விஷயம் சொல்லிக்கிறேன், கோவம் வந்தா வரட்டும். ஒண்ணு, "இம்யூனிட்டி பூஸ்டர்"னு பொடி விக்கிறவங்க. சிக்னல் ஓயாம ஓடினா என்ன ஆகும்னு வி617எஃப் நோயாளியையும் சோரியாசிஸ் நோயாளியையும் கேளுங்க, உடம்பு இத்தனை பிரேக் கட்டி வச்சிருக்கிறது சும்மா இல்ல. ரெண்டாவது, 2000-ல அந்த பின்லாந்து லேப் "செத்த பாகத்தை வெட்டிப் பாக்கப் போறோம்"னு பணம் கேட்டப்ப "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்"னு ஒருத்தர் தட்டிவிட்டிருந்தா? அஞ்சு வருஷம் கழிச்சு வி617எஃப் வந்தப்ப அது ஏன் கெடுதல் பண்ணுதுன்னு யோசிக்க ஒரு அடித்தளம் தயாரா இருந்துச்சுன்னா, அதுக்குக் காரணம் பிரயோஜனம் கேக்காம குடுத்த காசு.

எல்லா சூடோகைனேஸும் பிரேக் கிடையாது. ஹெர்3 தன் பாட்டுக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது, ஹெர்2-ங்கிற நிஜ கைனேஸோட ஜோடி சேந்து அதை முடுக்கிவிடும், புத்துநோய்ல இந்த ஜோடி பெரிய தொல்லை. எம்எல்கேஎல் இன்னொரு ரகம், ரிப்கே3-ங்கிற கைனேஸ் அது மேல பாஸ்பேட் ஒட்டினதும் உருமாறி செல்லோட மேல்தோலைக் கிழிச்சு செல்லையே சாகடிச்சிடும். செல்ஓ-ன்னு ஒண்ணு இருக்கு, ஏடிபியைத் தலைகீழாப் பிடிச்சு பாஸ்பேட்டுக்குப் பதிலா ஏடிபியோட இன்னொரு துண்டான ஏஎம்பியையே புரோட்டீன் மேல ஒட்டுதுன்னு 2018-ல தெரிஞ்சுது. செத்ததுன்னு முத்திரை குத்தினது வேற தொழில் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு!

மருந்துப் பக்கம் கஷ்டமானது டிரிப்2 மாதிரி ஆளுங்க. இது ஏடிபியோட பெருசா ஒட்டறவும் இல்ல, பிரேக்கும் இல்ல, ரெண்டு புரோட்டீனைப் பக்கத்துல கொண்டுவந்து வைக்கிறதுதான் வேலை: ஒரு பக்கம் காப்1, இன்னொரு பக்கம் வெள்ளையணு முதிர்ச்சிக்குத் தேவையான சி/இபிபி-ஆல்ஃபா. காப்1 அதை அழிக்க அனுப்பிடும், எலிகள்ல லுக்கீமியா (ரத்தப் புத்துநோய்) வந்துடும். இப்படிப்பட்டதை ஒரு குழியை அடைச்சு நிறுத்த முடியாது, மொத்தப் புரோட்டீனையே ஒழிக்கணும். நுரையீரல் புத்துநோய்க்கு ஈஜிஎஃப்ஆர்ங்கிற கைனேஸைக் குறிவச்சு செஞ்ச அஃபாடினிப், டிரிப்2-ல இருக்கிற சிஸ்டீன் அமினோ அமிலத்துலயும் போய் ஒட்டி அதை நிலைகுலைய வச்சு செல்லே அழிச்சிட வைக்குதுன்னு 2018-ல லிவர்பூல்காரங்க காட்டினாங்க. ஆனா அதே அஃபாடினிப் ஈஜிஎஃப்ஆரையும் சேத்தே அடிக்கும், அதுக்குத் தேவைப்படற அளவும் அதிகம், அதனால இப்போதைக்கு அது லேப்ல டிரிப்2-வைப் படிக்க உதவுற கருவிதான், லுக்கீமியாவுக்கு மருந்து ஆகல.