பழைய பக்கங்களைக் கிழிக்காதீர்கள், சொல்லிவிட்டேன்

பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டதாக இந்த மாதத்தில் வந்த மூன்றாவது அழைப்பு இது. எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன், இப்பதான் மனசு லேசா இருக்கு" என்றாள். ஒன்பது வருடமாகக் காமிக்ஸ் வரைகிற பெண். பதினான்கு ஸ்கெட்ச்புக், பாதியில் நின்ற இரண்டு கதைகளின் பென்சில் பக்கங்கள், போட்டிக்கு அனுப்பித் திரும்பி வந்த எட்டுப் பக்கக் கதையின் ஒரிஜினல், அத்தனையும் குப்பைக்குப் போய்விட்டன. ஏன் என்று கேட்டேன். "பாக்கவே கேவலமா இருந்துச்சு. பழசத் தூக்கிப் போட்டாத்தான் புதுசு வரும்னு சொல்றாங்களே." யார் சொல்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவளே கேட்டாள்: "புதுக் கதைக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. உங்களுக்கெல்லாம் எங்கருந்துண்ணா வருது?"

நான் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் திட்டியிருப்பேன். அழுகிற குரலில் பேசுகிறவளை எப்படித் திட்டுவது? அதனால் அவளுக்குச் சேர வேண்டியதை இங்கே இறக்கி வைக்கிறேன். முந்தைய இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் இந்த 'பழசு போனால் புதுசு வரும்' கதை. மூளை என்ன வாடகை வீடா, இருக்கிறவரைக் காலி செய்ய வைத்தால் புதியவர் சாமானோடு வந்து இறங்குவதற்கு? இத்தனை வருடத் தொழிலில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு கதை வந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் வந்ததில்லை, நான் மதிக்கும் எந்த ஓவியருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வருவதெல்லாம் முன்பு சரியாக வராமல் போனவைதான். பத்து வருடத்துக்கு முன் வரையத் தெரியாமல் விட்ட கூட்டம், முடிவு தெரியாமல் கைவிட்ட கதை, ஓரத்தில் கிறுக்கிவிட்டு மறந்துபோன ஒரு கிழவியின் முகம். இவைதான் நம் முதல். முதலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, லாபம் எங்கே என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

என் பெட்டியிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பத்தொன்பது வயதில் பன்னிரண்டு பக்கக் கதை ஒன்று வரைந்தேன். இரவுக் காவலாளி ஒருவன், ஒரு கிடங்கு, உள்ளே ஒரு சத்தம். படு மோசமான கதை. காவலாளியின் தலை பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறும். கிடங்கின் கதவு ஒரு படக் கட்டத்தில் இடப்பக்கம் திறக்கும், அடுத்ததில் வலப்பக்கம். வெளியான நாளிலிருந்து அதன் ஒரிஜினலை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். பல வருடம் கழித்து, புதிதாக ஒன்றும் ஓடாத ஒரு மழை நாளில் அந்த உறையைப் பிரித்தேன். மொத்தம் 61 கட்டங்கள். எண்ணிப் பார்த்தால் 44 கட்டங்களில் காவலாளி இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறான். ஓடும்போதுகூட! காரணம் ரொம்ப எளிது. எனக்கு அப்போது கை வரைய வராது.

முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் காலத்தில் வசனத்தைத் தனித் தாளில் எழுதி, பலூன் வடிவில் வெட்டி, ரப்பர் பசையால் ஒட்டுவேன். பசை காய்ந்து பலூன்கள் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன. உறையின் அடியில் எது எந்தக் கட்டத்துக்குச் சொந்தம் என்று தெரியாமல் சின்னச் சின்னத் துண்டுகள். பேச்சு போய்விட்ட பக்கத்தில் ஒருவன் கையைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்று நிற்கிறான். அப்படி என்னதான் வைத்திருக்கிறான் உள்ளே? அந்த ஒரு கேள்வியிலிருந்து தொண்ணூறு பக்கப் புத்தகம் வந்தது. என் புத்தகங்களில் ஓரளவு உருப்படியானது அதுதான். அதன் தாய் எது என்று கேட்டால், கை வரையத் தெரியாத ஒரு பையனின் திருட்டுத்தனம்.

(பசை உதிர்ந்ததும் நல்லதுக்குத்தான் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அதே பசை வேறு மூன்று கதைகளில் பழுப்புக் கறையாகப் படத்துக்குள் இறங்கிவிட்டது. அவற்றிலிருந்து எந்தப் புத்தகமும் வரவில்லை.)

'பார்க்கவே கேவலமாக இருக்கிறது' என்பதற்கு வருவோம். அப்படித்தான் இருக்கும். கண் முன்னால் ஓடும், கை பின்னால் வரும். போன வருடம் வரைந்தது இன்று பல்லை இளிக்கிறது என்றால் இடையில் உங்கள் கண் வளர்ந்திருக்கிறது. மூன்று வருடப் பழைய பக்கத்தைப் பார்த்து 'அடடா, எவ்வளவு பிரமாதம்' என்று ஒருவர் சொன்னால்தான் எனக்குக் கவலை வரும். வளர்ந்ததற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பக்கம். அதைக் கிழித்துவிட்டு, 'நான் முன்னேறவே இல்லையோ' என்று இரவு இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பினால் நான் எதைக் காட்டி இல்லை என்று சொல்வது?

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்கலாம். டின்டின் காமிக்ஸை வரைந்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஷே, பிரிட்டனில் நடக்கும் 'கருப்புத் தீவு' கதையை 1937-38இல் தொடராக வரைந்தார். பிற்பாடு ஆங்கிலப் பதிப்பு வெளியிட இருந்த பதிப்பகம் அதில் 131 பிழைகளைப் பட்டியலிட்டு அனுப்பியது. அவர் முறைத்துக்கொண்டு உட்காரவில்லை, பழையதை எரிக்கவும் இல்லை. உதவியாளர் பாப் டி மூரைப் பிரிட்டனுக்கு அனுப்பி, ரயில் முதல் போலீஸ் சீருடை வரை பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொன்னார். கதை முழுவதும் மறுபடி வரையப்பட்டு 1966இல் புத்தகமானது. முப்பது வருடப் பழைய பக்கங்களை எதிரே வைத்துக்கொண்டு செய்த வேலை அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு வருட வகுப்புக்குச் சமம். பழைய பதிப்புதான் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. நானும் சில பக்கங்களில் அந்தக் கட்சிதான்.

அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி 1980களில் தான் வரைந்த ஒரிஜினல் பக்கங்களைப் பதிப்பகத்திடமிருந்து திரும்ப வாங்க வருடக்கணக்கில் போராடினார். ஆயிரக்கணக்கில் வரைந்துகொடுத்தவருக்கு 1987இல் சுமார் 2,000 பக்கங்கள்தான் கிடைத்தன. மற்றவை என்ன ஆயின என்பது இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அந்த மனிதர் எழுபது வயதை ஒட்டிச் சண்டை போட்டு மீட்டதை, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனசு சரியில்லை என்று கிழித்துப் போடுகிறீர்கள்.

"ஸ்கேன் இருக்கே அண்ணா" என்பது அடுத்த சமாதானம். இருபதாம் நூற்றாண்டில் பல நூலகங்களும் இதையேதான் சொல்லின. செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிமில் (பக்கங்களை மிகச் சிறிதாகப் படமெடுத்து வைக்கும் ஃபிலிம்) எடுத்துவிட்டோம், இனித் தாள் எதற்கு என்று கழித்துக் கட்டின. மைக்ரோஃபிலிம் கருப்பு வெள்ளை. வண்ணத்தில் வந்த ஞாயிறு காமிக்ஸ் பக்கங்கள் அதில் சாம்பல் கறையாகத்தான் மிஞ்சின. பில் பிளாக்பியர்ட் என்ற அமெரிக்கர் 1960களின் இறுதியில் தொடங்கி, நூலகங்கள் கழித்த தாள்களைத் தேடித் தேடி வீட்டில் அடுக்கினார். 1998இல் அது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன, எடை சுமார் 75 டன். இன்று அந்தக் காலத்துச் செய்தித்தாள் பட்டைத் தொடர்கள் (காமிக் ஸ்ட்ரிப்) நல்ல மறுபதிப்பாக நம் கைக்குக் கிடைப்பதில் அந்தக் குவியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் எடுங்கள். ஆனால் இங்க் கோடு மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைத் தூக்கிவைத்து எடுக்கிறீர்களே, அங்கேதான் தப்பு. நமக்குப் பின்னால் உதவப்போவது அந்தக் கோட்டுக்கு அடியில் இருப்பது. மூன்று முறை மாற்றிய தோள், வெள்ளை பூசி மறைத்த மூக்கு, நீலப் பென்சிலில் போட்டு விட்டுவிட்ட வேறொரு கோணம். அச்சுக்காகப் பக்கத்தைப் படமெடுத்த பழைய கேமராவின் ஃபிலிம் வெளிர் நீலத்தைப் பதியாது என்பதால்தான் நம் ஆட்கள் நீலத்தில் வரைந்து அழிக்காமல் விட்டார்கள். அந்தத் தயக்கமெல்லாம் ஒரிஜினலில் இன்னும் அப்படியே கிடக்கிறது. கருப்பு வெள்ளைப் பக்கமாக இருந்தாலும் வண்ணத்திலேயே, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். போனில் எடுத்த படம் ஸ்கேன் ஆகாது. ஓரம் வளையும், நிழல் விழும்.

இனி, வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பக்கங்களைக் கொல்கிறவர்களுக்கு.

போன வருடம் ஒருவர் தன் முதல் கதையின் ஒரிஜினல் பக்கங்களை எடுத்து வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அத்தனையும் லேமினேஷன் செய்யப்பட்டிருந்தன. எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். செய்யாதீர்கள். தயவுசெய்து.

மார்க்கரை நம்பாதீர்கள். பெரும்பாலான மார்க்கரில் இருப்பது சாயம். வெளிச்சம் பட்டால் கருப்பு ஊதாவாகும், ஊதா பழுப்பாகும். என் காவலாளியின் இரவு முழுவதும் இன்று தேநீர் நிறத்தில் இருக்கிறது. கார்பன் கலந்த இந்தியன் இங்க் அப்படிப் போகாது. பேனா வாங்கினால் பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்துகள் கொண்டது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். செல்லோடேப் அறவே கூடாது. முதலில் எண்ணெய்ப்பசை போல இறங்கும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியில் பிளாஸ்டிக் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். கிழிசலை ஒட்ட வேண்டுமென்றால் அமிலமில்லாத தாள் நாடா கிடைக்கிறது, பின்பக்கம் ஒட்டுங்கள். வரையும் அட்டையும் அமிலமில்லாததாக இருக்கட்டும். சாணித்தாளில் வரைந்த பழசு ஏதாவது இருந்தால் அதைத் தனியே வையுங்கள், அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பிடிக்கும். மென்மையான பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலின் அல்லது பாலியெஸ்டர் உறை போதும். சுருட்டி வைக்காதீர்கள், படுக்கையாக வையுங்கள். பரணில் சூடு, தரையில் ஈரம், இரண்டும் வேண்டாம். ஈரம் ஏறினால் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்தே வரும். வருடத்துக்கு ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

டேப்லெட்டில் மட்டும் வரைகிறவர்கள் 'நமக்கு இதெல்லாம் இல்லை' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், உங்கள் நிலைமை இன்னும் மோசம். கிழிந்த தாளைக்கூட ஒட்டிப் படிக்கலாம், செத்த ஹார்டு டிஸ்க்கை அப்படிச் செய்ய முடியாது. லேயர்களோடு (ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த அடுக்குகள்) ஒரு கோப்பு, எதிலும் திறக்கும்படி டிஃப் அல்லது பிஎன்ஜியில் ஒரு கோப்பு. இரண்டுக்கும் மூன்று பிரதிகள், அதில் ஒன்றாவது வேறு இடத்தில். முடித்ததும் லேயர்களை ஒன்றாக்கிச் சேமிக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ஒரிஜினலை விற்கிறவர்கள் தாராளமாக விற்கலாம், நானும் விற்றிருக்கிறேன். ஸ்கேன் எடுக்காமல் கொடுக்காதீர்கள். தாளை விற்பது வேறு, அச்சிடும் உரிமையைக் கொடுப்பது வேறு. அதை எழுத்தில் வாங்குங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பினால் பக்கங்கள் எப்போது திரும்பி வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

பழசைப் பார்க்கவே முடியவில்லை, பார்த்தால் கை நடுங்குகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கோபப்பட மாட்டேன். நானும் அப்படி இருந்திருக்கிறேன். பார்க்க வேண்டாம். பெட்டியில் போட்டு மூடி, மேலே தேதியை எழுதி, இரண்டு வருடம் திறக்காதீர்கள். வேண்டுமானால் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். திறக்கும் நாளில் எந்தக் கட்டத்தில் எதை மறைத்து வரைந்திருக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். அழகைப் பார்க்க வேண்டாம். நான் கையை மறைத்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், நீ எதை மறைப்பாய் என்று. யோசித்துவிட்டு, "வீட்டுக்குள்ள நடக்கிற சீனே வரைய மாட்டேண்ணா, எல்லாத்தையும் தெருவுல வச்சிருவேன்" என்றாள். அதை உடனே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். அந்தப் பதினான்கு ஸ்கெட்ச்புக்கில் இதற்கு எத்தனை சாட்சி இருந்திருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை.

அவளுடைய போட்டிக் கதையின் நகல் நண்பர்கள் யாரிடமாவது இருக்கிறதா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் பெட்டி இன்னும் இருக்கிறது என்றால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். மார்க்கர் பட்ட பக்கங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், மங்குவது அவைதான் முதலில்.