இணையதளம் திரட்டும் உங்கள் தரவு யாருக்குச் சொந்தம்?

ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததுமே, அந்தத் தளத்தின் சர்வரில் உங்களைப் பற்றி ஒரு வரி பதிவாகிவிடும். உங்கள் இணைய இணைப்பைக் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி, நேரம், கேட்ட பக்கம், பிரவுசரின் வகை, பெரும்பாலும் எங்கிருந்து அங்கே வந்தீர்கள் என்பதும் அதில் இருக்கும். கூடவே குக்கி என்ற சிறு அடையாளக் கோப்பும் உங்கள் கருவியில் பதியலாம். மறுமுறை வருவதும் அதே பிரவுசர்தான் என்று கண்டுகொள்ள அது போதும்.

அந்த வரி உங்கள் சொத்தா, தளத்தின் சொத்தா? இரண்டுமே இல்லை என்பதுதான் சட்டத்தின் நிலை. வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு தொலைபேசி விவரப் புத்தக வழக்கில் தீர்த்துச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டு ஆணை, செலவு செய்து தரவுத்தளம் உருவாக்கியவருக்கு 15 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது தொகுப்புக்கான பாதுகாப்பு. அதனுள் இருக்கும் உங்கள் பிறந்த தேதி அதனால் அவருக்குச் சொந்தமாகிவிடாது.

நடைமுறையில் நிறுவனங்கள் அதைச் சொத்தாகத்தான் நடத்துகின்றன. 2000-இல் டாய்ஸ்மார்ட் என்ற பொம்மை விற்பனைத் தளம் நொடித்தபோது, வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக்கு வைத்தது. குழந்தைகளின் பிறந்த நாள்கள்கூட அதில் இருந்தன. யாருக்கும் தரமாட்டோம் என்று தன் தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருந்த தளம் அது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. கடைசியில் டிஸ்னியின் துணை நிறுவனம் 50,000 டாலர் கொடுத்து, பட்டியல் அழிக்கப்பட்டது. பட்டியல் யாருடையது என்பதைவிட, கொடுத்த வாக்கை மீறலாமா என்பதே அந்த வழக்கில் பெரிதாக நின்றது.

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையும், இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில்தான் செல்கின்றன. உங்களை உரிமையாளர் என்று அவை சொல்வதில்லை. தளத்தின் மீது கடமைகளைச் சுமத்துகின்றன. இதுவே நல்லது என்பது என் கருத்து. சொத்து என்றால் ஒருமுறை விற்றதும் கைவிட்டுப் போய்விடும். தரவைப் பயன்படுத்தத் தந்த ஒப்புதலையோ எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

ஐரோப்பிய விதிமுறை பொருந்தும் தளத்திடம், உங்களைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமையைப் பயன்படுத்த ஒரு மின்னஞ்சல் போதும். தனியுரிமைக் கொள்கையில் உள்ள தொடர்பு முகவரிக்கு, கணக்கில் பதிந்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். வேறு முகவரியிலிருந்து எழுதினால் அடையாளச் சரிபார்ப்பிலேயே நாள்கள் ஓடிவிடும். 15-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, தரவின் நகல், பயன்படுத்தும் நோக்கம், யார் யாருக்குத் தரப்பட்டது, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எங்கிருந்து கிடைத்தது ஆகியவற்றைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம் எடுக்கலாம், ஆனால் அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லியாக வேண்டும்.

சறுக்குவது பெரும்பாலும் அழிப்பில்தான். கணக்கை முடக்குவது வேறு, தரவை அழிப்பது வேறு; பொத்தானை அழுத்துமுன் எது என்று பாருங்கள். வரிச் சட்டம் வைத்திருக்கச் சொல்லும் ரசீதுகளைத் தளம் அழிக்காது. ஏற்கெனவே வேறு நிறுவனங்களுக்குப் போன நகல்கள் தாமாக மறையாது என்பதால், பெற்றவர்களின் பட்டியலை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு அழிக்கக் கேளுங்கள். வரிசை மாறினால் அந்தப் பட்டியலே கிடைக்காமல் போகலாம்.