கெண்டைக்காலுக்காகப் பாதத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்

முதற்பனி விழுந்து இரண்டு மூன்று வாரங்களில் எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வருவோரின் முறைப்பாடுகள் மாறிவிடுகின்றன. கோடையில் குதிகால் வெடிப்போடும் கால் ஆணியோடும் வந்தவர்கள், டிசம்பரில் கறுத்த பெருவிரல் நகத்தோடும், குதிகாலின் பின்புறத்தில் கொப்புளத்தோடும், விரல்களுக்கிடையே தீராத எரிவோடும் வருகிறார்கள். கனடாவில் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் பாத மருத்துவராகப் பல குளிர்காலங்களைக் கண்ட அனுபவத்தில் சொல்கிறேன்: பெண்களிடம் நான் காணும் இந்த நோவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அளவு பொருந்தாத பூட்ஸ்தான்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாயாரின் நினைவு இதை எழுதத் தூண்டியது. பெரிய சமையற்கூடமொன்றில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர். பேருந்துத் தரிப்பிடத்துக்குப் பனியில் பத்து நிமிடம் நடந்து போவார். இரண்டு பெருவிரல் நகங்களுக்கும் அடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. பூட்ஸ் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, இரண்டு சைஸ் பெரிசாத்தான் வாங்கினனான். ஆனாலும் கால் நோகுது" என்றார். அளந்து பார்த்தபோது அவருடைய பாதம் 7ஆம் அளவு; அணிந்து வந்த பூட்ஸோ 9. கடையில் 7ஐப் போட்டபோது ஜிப் கெண்டைக்காலின் பாதியில் நின்றுவிட்டது, 8இலும் ஏறவில்லை, 9இல்தான் மூடியது. "அப்ப இதுதான் என்ரை சைஸ் எண்டு நினைச்சன்" என்றார்.

இந்தத் தவறு அவருடைய தனிப்பட்ட தவறு அன்று. பூட்ஸ் செய்யும் முறையே பெண்களை இதற்குள் தள்ளுகிறது. முழங்கால்வரை வரும் பூட்ஸ்களில் பாத அளவு கூடக் கூட, கெண்டைக்காலைச் சுற்றும் மேற்பகுதியின் சுற்றளவையும் சிறிது சிறிதாகக் கூட்டித்தான் தயாரிக்கிறார்கள். சிறிய பாதம் உள்ளவருக்குக் கெண்டைக்காலும் ஒல்லியாகவே இருக்கும் என்பது அதற்குள் இருக்கும் எடுகோள். உண்மையில் பாதத்தின் நீளத்துக்கும் கெண்டைக்காலின் பருமனுக்கும் அப்படி நெருங்கிய உறவு இல்லை. பாத நீளம் எலும்பைப் பொறுத்தது; கெண்டைக்கால் தசை, கொழுப்பு, நீர்க்கோவை, வேலை, வயது ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. ஆகவே, கெண்டைக்காலில் அரை அங்குல இடம் வேண்டும் என்பதற்காக இரண்டு அளவு பெரிய பூட்ஸை வாங்குபவர், பாதத்துக்குத் தேவையற்ற 17 மில்லிமீட்டர் நீளத்தையும் சேர்த்து வாங்குகிறார். அமெரிக்க, பிரித்தானிய அளவுமுறைகளில் ஒரு முழு அளவு என்பது ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். அந்த வெற்றிடத்துக்குள் பாதம் ஒவ்வொரு அடியிலும் முன்னால் சறுக்கி நகத்தை மோதுகிறது, பின்னால் வழுகிக் குதிகாலை உரசுகிறது. பெரிய பூட்ஸுக்குள் இருந்த அந்தத் தாயாரின் நகம் கறுத்ததன் காரணம் இதுவே.

முதலில் பாதத்தைச் சொல்கிறேன், ஏனெனில் பாதத்தில் விட்ட பிழையைப் பின்னர் எந்தத் தையற்காரராலும் திருத்த முடியாது. அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் பிரனொக் 1920களில் வடிவமைத்த உலோக அளவுகருவி இன்றும் நல்ல சப்பாத்துக் கடைகளில் இருக்கிறது. அது மூன்றை அளக்கும்: குதியிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளம், குதியிலிருந்து பெருவிரலின் அடிமூட்டுவரை உள்ள நீளம், முன்பாதத்தின் அகலம். நம்மில் பலர் முதலாவதை மட்டும் அறிந்து வைத்திருக்கிறோம். அதுவும் திருமணத்துக்கு முன்போ முதற் குழந்தைக்கு முன்போ அறிந்த அளவாகவே இருக்கும். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து பாதத்தின் வளைவு தாழக்கூடும். சிலருக்குப் பாதம் நீண்டு, மீண்டும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும், மாலையில், நின்ற நிலையில், இரு பாதங்களையும் அளந்து பெரிய பாதத்துக்கே வாங்குங்கள்.

அகலம் நம்மவர்க்குத் தனிக்கவனம் வேண்டும் விடயம். 2009இல் வெளிவந்த, பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் நடத்திய ஆய்வொன்று, வெறுங்காலுடன் வாழ்ந்து பழகியோரின் முன்பாதம் மேற்குநாட்டவரின் பாதத்தைவிட அகலமாக விரிந்திருப்பதைக் காட்டியது. ஊரில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பெண்களின் பாதங்களில் அதே விரிவை நான் நாள்தோறும் காண்கிறேன். அது நோயன்று, நல்ல பாதத்தின் இலட்சணம். ஆனால் கூர்மையான முனைகொண்ட பூட்ஸ் அதை மதிப்பதில்லை. மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே செல்லும் நரம்பு நசுங்கித் தடிப்பதாலேயே அந்த எரிவு வருகிறது. கனடாவில் விற்கும் பெண்கள் பூட்ஸில் 'பி' என்பது நடுத்தர அகலம், 'டி' அகலம், 'டபிள் ஈ' அதனிலும் அகலம். இலண்டனிலிருந்து இணையத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டும்: பிரித்தானிய முறையில் பெண்களுக்கு 'டி' என்பதே சாதாரண அகலம். ஒரே எழுத்து, இரண்டு பொருள்.

கடையில் எந்தக் கருவியும் இல்லாவிட்டால், பூட்ஸுக்குள் இருக்கும் உள்ளட்டையைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் சதை அட்டையின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்தப் பூட்ஸ் உங்களுக்கு ஒடுக்கம். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு பெருவிரல் அகல இடம் தேவை. பலருக்கு இரண்டாவது விரலே நீண்டது என்பதை மறந்துவிட வேண்டாம். இந்தச் சோதனையை நீங்கள் குளிர்காலத்தில் அணியப்போகும் அதே தடித்த காலுறையோடு செய்யுங்கள். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பவருக்குக் குளிர் கூடுமே தவிரக் குறையாது. வெப்பத்தைத் தடுத்து வைக்கும் காற்றுப்படலமும் போய்விடுகிறது, விரல்களுக்கான இரத்த ஓட்டமும் குன்றுகிறது.

ஜிப் இல்லாமல் இழுத்து அணியும் பூட்ஸில் இன்னோர் அளவும் சேர்கிறது. குதியின் பின்முனையிலிருந்து பாதத்தின் மேல்வளைவைச் சுற்றிவரும் அளவே அது. மேல்வளைவு உயர்ந்த பாதம் அந்த வளைவான இடத்தைத் தாண்டி உள்ளே இறங்காது. அப்படிப்பட்டவர்கள் கயிறோ ஜிப்போ உள்ளதை நாடுவதே நல்லது.

இனிக் கெண்டைக்கால். முழங்கால் மடிப்புக்கும் கணுக்காலுக்கும் இடையில், மேலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கீழே, மிகப் பருத்த இடத்தை, கதிரையில் அமர்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, தையல் நாடாவால் அளக்க வேண்டும். காற்சட்டையை உள்ளே செருகுபவராயின் அதனோடு சேர்த்தே அளங்கள். சாதாரண முழங்கால் பூட்ஸின் மேற்சுற்றளவு 14 முதல் 15 அங்குலத்துக்குள்தான் இருக்கும். 'வைட் காஃப்' என்று விற்பவை பொதுவாக 16 அங்குலத்திலிருந்து தொடங்குகின்றன. உயர்ந்த குதி உள்ள பூட்ஸ் வாங்குவோர் அதே உயரத்துக்குக் குதியைத் தூக்கி மீண்டும் ஒருமுறை அளப்பது அவசியம், ஏனெனில் குதி உயரும்போது தசை சுருங்கிப் பருத்து, அதன் அகன்ற பகுதி மேலே நகர்கிறது. உயரமும் அப்படியே. மேற்பகுதியின் உயரம் 15 அங்குலம் என்று எழுதியிருப்பது நெடிய பெண்ணுக்குப் பொருந்தும். ஐந்தடி உயரமுள்ள நம் அம்மாமார்க்கு அது முழங்கால் மடிப்புக்குள் குத்தும். முழங்காலை மடித்து உட்கார்ந்து பாருங்கள். மடிப்புக்கும் பூட்ஸின் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரலாவது இருக்க வேண்டும்.

மேல்விளிம்பு இறுகுவதை வெறும் அசௌகரியம் என்று பொறுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்புறத்தில், விரலால் தடவினால் ஓர் எலும்பு முகடு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்வது அதுவே. உயரமான, இறுகிய பூட்ஸ் நாட்கணக்கில் அதை அழுத்தினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். அழுத்தம் தொடர்ந்தால் நடக்கும்போது முன்பாதம் தொய்ந்து தரையில் தட்டும். மரத்துப்போனால் அன்றே அந்தப் பூட்ஸை நிறுத்திவிடுங்கள். பாதம் தொய்ந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கெண்டைக்கால் பூட்ஸுக்குள் போகவில்லை என்ற செய்தி சில வேளைகளில் உடல் தரும் செய்தியாகவும் இருக்கும். சென்ற ஆண்டு ஏறிய ஜிப் இவ்வாண்டு ஒரு காலில் மட்டும் ஏறாமல், அந்தக் கால் வீங்கி, சூடாக, நோவாக இருந்தால், அது ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். கடைக்குப் போகாமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரு கால்களும் மாலையில் வீங்குவதாயின் நாளங்கள், இதயம், சிறுநீரகம், அல்லது இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரை காரணமாகலாம். பாதம் இயல்பாக இருக்க, கணுக்காலுக்கு மேலே இரு கால்களும் சமமாகப் பருத்து, தொட்டால் நோவும் உணவுக்கட்டுப்பாட்டுக்கு இசையாத தன்மையும் இருந்தால் கால்களில் கொழுப்பு அளவுமீறிச் சேரும் லிப்பீடிமா என்ற நிலையைக் கருத வேண்டும். இத்தகைய பெண்கள் 'கொழுப்பைக் குறை' என்ற பேச்சை ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கூனிக்குறுகி என்னிடம் வருகிறார்கள். இது அவர்களுடைய குற்றம் அன்று.

நம் பெண்களுக்கேயுரிய இன்னும் ஒன்று, மெட்டி. செருப்பில் இருக்கும்வரை அது எவரையும் துன்புறுத்துவதில்லை. மூடிய பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் இருக்கும்போது, விரல் வீங்க, உலோகம் அடுத்த விரலின் பக்கவாட்டில் அழுந்திப் புண்ணாக்குகிறது. கொலுசும் கணுக்கால் எலும்பின்மேல் அப்படியே பதிகிறது. நீரிழிவினால் உணர்வு குறைந்தவருக்கு இந்த அழுத்தம் தெரியவே தெரியாது. காலுறையில் இரத்தக்கறையைக் கண்ட பிறகே பலர் அறிகிறார்கள். மெட்டியைக் கழற்றச் சொல்வது எளிய காரியமன்று என்பது எனக்குத் தெரியும், ஆதலால் முதலில் நான் கேட்பது தட்டையான, மெல்லிய மெட்டிக்கு மாற முடியுமா என்பதே. நீரிழிவும் உணர்விழப்பும் உள்ளவரிடம் மட்டும், பூட்ஸ் அணியும் நேரத்தில் கழற்றியே ஆகவேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். அவர்கள் பூட்ஸைப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பதும், கழற்றியபின் பாதத்தைப் பார்ப்பதும் நாள்தோறும் நடக்க வேண்டும்.

பாதத்துக்குச் சரியாக, கெண்டைக்காலில் மட்டும் சிறிது இறுக்கமாக இருக்கும் தோல் பூட்ஸைச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தால், அச்சில் ஏற்றி ஓரளவு விரித்துத் தருவார். பின்தையலைப் பிரித்து எலாஸ்டிக் துண்டு வைத்து அதைவிடக் கூடுதலாகவும் இடம் எடுக்கலாம். செயற்கைத் தோல் அவ்வளவு விரியாது. முன்பாதத்தின் அகலத்தையும் சிறிது விரிக்க முடியும். நீளத்தை எவராலும் கூட்ட முடியாது.

அந்தத் தாயாருக்கு 7ஆம் அளவில், 'டி' அகலத்தில், பின்புறம் எலாஸ்டிக் வைத்த ஒரு சோடி இரண்டாவது கடையில் கிடைத்தது. மார்ச் மாதம் மீண்டும் வந்தபோது, கொப்புளம் ஆறியிருந்தது. பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும் என்பதால், கறுத்த நகத்துக்கு அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு சிறு பிறை மட்டும் தெரிந்தது. அதைக் காட்டி, தன் மகளையும் அளக்கக் கூட்டிவந்திருப்பதாகச் சொன்னார்.