எக்செம்ப்லார் என்பது எடுத்துக்காட்டு அன்று

நோர்வேஜிய ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இந்த ஆண்டில் நான்காவது முறையாக அதே பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். இனியும் எழுதாமல் இருப்பது என் பொறுமைக்கு நல்லதன்று. நோர்வேயில் வாழும் ஓர் ஓவியர், தம் ஓவியங்களை அச்சிட்டு விற்கும் உரிமையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்க முன்வந்தார். நோர்வேஜிய மூலத்தில் 'எக்செம்ப்லார்ஃப்ரெம்ஸ்டில்லிங்' (பிரதிகளை உருவாக்கல்) என்று நின்ற உரிமை, யாரோ செய்த ஆங்கில வரைவில் 'எக்ஸாம்பிள் பிரசன்டேஷன்' ஆகியிருந்தது. மாதிரிக்குச் சில படங்களைக் காட்டத்தான் ஓவியர் இசைகிறார் என்று எண்ணிய நிறுவனத்தார், தொகையைக் குறைக்கும்படி கேட்டு எழுதிவிட்டனர்.

'எக்செம்ப்லார்' என்றதும் பலருக்கும் 'எக்ஸாம்பிள்' நினைவுக்கு வருவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எடுத்துக்காட்டுக்கு நோர்வேஜியத்தில் 'எக்செம்பெல்' என்ற தனிச் சொல் இருக்கிறது. எக்செம்ப்லார் என்பது ஒரு படைப்பு கைக்கு அகப்படும் உருவம்: கடையில் வாங்கிய நாவல், சுவரில் மாட்டிய ஓவியம், வன்தட்டில் கிடக்கும் கோப்பு. ஓவியரின் கையால் வரைந்த மூல ஓவியமும் ஓர் எக்செம்ப்லார்தான். தமிழர்களுக்கு இது கடினமாகவே இருக்கக் கூடாது. நாம் புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சிட்டதாகச் சொல்கிறோமே தவிர, ஐந்நூறு நகல் அச்சிட்டதாகச் சொல்வதில்லை. எக்செம்ப்லார் என்பது பிரதி; நோர்வேஜியத்தின் 'கொப்பி' என்பதோ நகல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'காப்பி' ஒன்றே என்பதால், நேரடியான அந்தச் சொல்லே பெரும்பாலும் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அது மிகவும் எளிதாக இருக்கிறதே என்று ஐயுற்று, அகராதியில் மினுங்கும் வேறொன்றைத் தேடிப் போகிறார்கள். (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும் படைப்பு முதன்முதலாகப் பதிவாகும் பொருளையும், அதாவது மூலத்தையும், 'காப்பி' என்பதற்குள் அடக்குகிறது. வழக்கறிஞர்களே இதை மறப்பதுண்டு.)

'ஃப்ரெம்ஸ்டில்லிங்' இன்னொரு வம்பு. அதற்குச் சித்திரித்துக் காட்டல் என்றும், உருவாக்கல் என்றும் இரு பொருள் உண்டு. எக்செம்ப்லாரோடு சேரும்போது இரண்டாவதுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றி 2018 ஜூன் 15ஆம் திகதியிட்டு வந்த நோர்வேயின் பதிப்புரிமைச் சட்டம், அதன் 3ஆம் பிரிவில், படைப்பின் நிலையான அல்லது தற்காலிகமான எக்செம்ப்லாரை எந்த வழியிலும் எந்த வடிவிலும் உருவாக்கும் தனியுரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகிறது. அதை ஆங்கிலத்தில் 'மேக்கிங் காப்பீஸ்' என்றோ, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பேர்ன் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரையில் உள்ள 'ரீப்ரொடக்ஷன்' என்றோ எழுதுங்கள். ஒப்பந்தம் முழுவதும் அதே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே நோர்வேச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வருமான நோக்கமின்றித் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 'என்கெல்டெ எக்செம்ப்லார்' உருவாக்க இடமளிக்கிறது. அது சிலவற்றைக் குறிக்கும். ஒற்றைப் பிரதியை அன்று. 'இண்டிவிஜுவல் எக்ஸாம்பிள்ஸ்' என்று எழுதியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதேபோல் குழப்பும் இன்னொரு சோடி உண்டு. 'அவ்ஸ்க்ரிஃப்ட்' என்பது பார்த்து எழுதிய படி; 'அவ்ஸ்க்ரிவ்னிங்' என்பதோ கணக்கியலில் தேய்மானம். ஒருமுறை கணக்கறிக்கை ஒன்றில் தேய்மானப் பத்தி முழுவதும் 'காப்பியிங்' ஆகியிருந்தது. கணக்காளர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

சான்றிதழ்களோடு வருவோருக்கும் ஒரு வேண்டுகோள். நகல் மூலத்தோடு ஒத்தது என உறுதிப்படுத்தும் முத்திரையில் உள்ள 'ரெட் கொப்பி பெக்ரெஃப்டெஸ்' என்பதை 'ரைட் காப்பி இஸ் கன்ஃபர்ம்ட்' என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் அது 'சர்டிஃபைட் ட்ரூ காப்பி'. முத்திரையில் உள்ள எழுத்துகளையும் கையொப்பத்தின் கீழுள்ள பதவிப் பெயரையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் முத்திரை மொழிபெயர்ப்புக்கு மட்டுமே சான்று; உங்கள் நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பதற்கு அன்று. ஆகவே முதலில் நகலை உறுதிப்படுத்துங்கள், பின்னர் மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். தலைகீழாகச் செய்துவிட்டுத் திங்கட்கிழமை காலை தூதரகத்தில் நேரம் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை மாலை எனக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள்.