அடுத்தடுத்த நிலக்கரி அடுக்குகளை வெட்டும்போது: தூணுக்கு நேர் கீழே தூண் ஏன்?

இந்திய நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே 9 மீட்டருக்குள்தான் இடைவெளி என்றால், சுரங்கப் பாதுகாப்புத் துறையின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் இரண்டிலும் வேலை செய்யக் கூடாது. ஒரே அடுக்கை மேலும் கீழுமாக இரு பகுதிகளாக வெட்டினாலும் அனுமதி வேண்டும். நடுவில் விடும் பாறை எந்த இடத்திலும் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. சரிவு 30 டிகிரியைத் தாண்டாதவரை, இரு அடுக்குகளின் தூண்களும் (கூரையைத் தாங்க வெட்டாமல் விடும் நிலக்கரித் தொகுதிகள்) இயன்றவரை ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும்.

இந்த ‘இயன்றவரை’யைச் சலுகையாக எடுத்துக்கொள்வது ஆபத்து. 140 மீட்டர் ஆழம், 4.2 மீட்டர் அகல கேலரி (தூண்களுக்கு நடுவே வெட்டும் பாதை), தூண் மையத்திலிருந்து மையத்துக்கு 22.5 மீட்டர் என்று வைப்போம். ஆழத்தில் மீட்டருக்கு 0.025 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வீதம், மேலுள்ள பாறையின் எடையால் வரும் அழுத்தம் 3.5 மெகாபாஸ்கல். கேலரிகளின் மேலுள்ள பாரமும் தூணுக்கே வருவதால், தூணில் அது சராசரியாக 5.3 மெகாபாஸ்கல் ஆகிறது. விளிம்பில் இன்னும் அதிகம். தூண்கள் நேராக இருந்தால் இந்தப் பாரம் கீழ்த் தூண் வழியே இறங்கிவிடும். 2 மீட்டர் விலகினாலே மேல் தூணின் விளிம்பு கீழ்க் கேலரியின் பாதி அகலத்தின் மேல் உட்காரும். 3 மீட்டர் பாறை அந்தப் பாரத்தில் வளையும். கீழே கூரை விரிசல் விடும், மேலே தரை உடையும்.

அந்த 2 மீட்டர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சர்வேயிலிருந்து. திசையில் கால் டிகிரி பிழை, 450 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் விலகலாகிவிடும். ஆகவே இரு அடுக்குகளின் சர்வேயையும் ஒரே அடிக்கோட்டில் (அளவீடு தொடங்கும் பொதுக் கோடு) இணைத்து, ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இடைப்பாறையின் கனத்தையும் துளையிட்டு அளக்க வேண்டும். தொலைவிலுள்ள பழைய துளையின் கணக்கு போதாது.

இன்னொரு சிக்கல், ஒழுங்குமுறைகளிலுள்ள தூண் அளவு அட்டவணையில். அதன்படி ஆழம் கூடக்கூடத் தூணின் குறைந்தபட்ச அளவும் படிப்படியாகக் கூடும். மேல் அடுக்கு 145 மீட்டரிலும் கீழ் அடுக்கு 155 மீட்டரிலும் இருந்தால், அளவு மாறும் 150 மீட்டர் எல்லை நடுவில் விழுகிறது. தனித்தனி அளவில் அமைத்தால் தூண்கள் சில வரிசைகளிலேயே விலகிப்போகும். கீழ் அடுக்குக்கான பெரிய அளவையே இரண்டுக்கும் வைப்பதுதான் சரி.

தூண்களை எடுக்கும் கட்டத்தில் கூரையை விழவிடுவதானால், மேல் அடுக்கை முதலில் முடிக்க வேண்டும். அங்கே பாதி வெட்டி விட்ட தூண்துண்டு ஒவ்வொன்றும் சுற்றியுள்ள பாரத்தைத் தன்மேல் இழுத்துக் கீழே இறக்கும். அவற்றின் இடத்தைக் கீழ் அடுக்கின் வரைபடத்திலும் குறித்து, அங்கே நெருங்கும் முன்பே கூரைத் தாங்கல்களைக் கூட்ட வேண்டும்.